கடைத்தெருவில் உண்பவன்

ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களை உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவர்கள், சாட்சியம் பற்றிய பாடத்தில் வரும் ஒரு செய்தியை மறந்திருக்கமாட்டார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருபவருக்கு நேர்மை மட்டும் போதாது. 'முரூஅத்' என்னும் கண்ணியமும் வேண்டும். கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், அக்கண்ணியத்தைக் குலைக்கும் செயல்களை எண்ணும்போது, கடைத்தெருவில் உண்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். தலை திறந்து வீதியில் நடப்பதும் அதே வரிசையில் நிற்கிறது.

இன்றைய வாசகர் இதைப் படித்தால் முதலில் சிரிப்பார். நாமும் சிரித்திருக்கிறோம். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மாலை வேளையில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலோ மண்ணடியிலோ நடந்தால் ஒரு வழக்குக்குக்கூடச் சாட்சி கிடைக்காது. சமூசா கையில், தேநீர் மறு கையில், பேச்சு வாயில் என்று நிற்கும் அத்தனை பேரும் தள்ளுபடி! 1951இல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டல் தொடங்கிய நாளிலிருந்து, அங்கே பிரியாணி உண்டு எழுந்த ஆலிம்களும் வழக்கறிஞர்களும் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் கண்ணியம் இழந்தவர்களா?

இல்லை என்பதற்கு அந்நூல்களே விடை தருகின்றன. முரூஅத் என்பது யாது? ஒருவர் தம் காலத்தில், தம் ஊரில், தம்மையொத்தவர்கள் நடந்துகொள்ளும் முறையில் நடந்துகொள்வது என்பதே இமாமவர்கள் தரும் விளக்கம். காலமும் இடமும் மாறினால் அளவும் மாறும். கடைத்தெருவிலேயே வாழ்பவருக்கும், பசி மீறியவருக்கும் உரையாசிரியர்கள் அன்றே விலக்கு அளித்திருக்கிறார்கள். எனவே சட்டத்தைப் பொறுத்தவரை நாம் தப்பித்தோம். கவலையின்றி அடுத்த சமூசாவை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டம் விட்டுவிட்ட பிறகும் கேள்வி விடுவதாயில்லை. பலர் பார்க்க உண்பது ஏன் ஒரு காலத்தில் வெட்கமாக இருந்தது? அந்த வெட்கம் நம்மை விட்டுப் போனபோது அதனோடு வேறு ஏதேனும் போயிற்றா?

கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வாப்பா கடைத்தெருவிலிருந்து இறைச்சியோ பெரிய மீனோ வாங்கி வந்தால், அஃது ஓலைக் கொட்டானுக்குள் இலை மூடி வரும். திறந்த கையோடு தெருவில் கொண்டுவந்தால் உம்மா கடிந்துகொள்வார். "அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பார்க்காதா? பார்த்தபிறகு கொடுக்காமல் எப்படித் தின்பது?" என்பதே அவருடைய நியாயம். ஆணம் காய்ச்சினால் சற்றுத் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் பங்கிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது உம்மாவுக்கு ஹதீஸாகத் தெரியுமோ தெரியாதோ, அடுப்படி வழக்கமாகத் தெரிந்திருந்தது. உணவு கண்ணில் பட்டால் பார்த்தவருக்கு அதில் ஓர் உரிமை பிறந்துவிடுகிறது. அவ்வுரிமையைத் தீர்க்க இயலாதபோது மூடிவைப்பதே மரியாதை. கடைத்தெருவில் உண்பதை இழிவென்று எண்ணிய மனத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். சட்ட மேதைகள்மீது அதை ஏற்றிச் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய ஊரை நினைத்து ஏங்குவது எளிது. காயல்பட்டினத்துக் களரியில் ஒரே சஹனைச் சுற்றி மூவரோ நால்வரோ அமர்ந்து நெய்ச்சோறு உண்பதைப் பாராட்டாத எழுத்தாளர் நம்மில் இல்லை. நகரத்து ஹோட்டலில் தனித்தனித் தட்டு, தனித்தனி மேசை, தனித்தனி மனிதர் என்று உடனே ஒரு புலம்பலும் தொடரும். ஆனால் விருந்துக்கு ஒரு வாசல் உண்டு. யாருக்கு அழைப்பு, யாருக்கு இல்லை என்பதை அந்த வாசல் முன்பே முடிவு செய்துவிடுகிறது. அழைக்கப்பட்டவனும் கடன்பட்டவனே, அடுத்த முறை அவன் அழைக்கவேண்டும்.

நகரத்துக் கடையோ பணத்தை மட்டும் பார்க்கிறது. இது குறையென்று சொல்லப்படுவதுதான் அதன் பெருமையும். இளையான்குடியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வேலை தேடி வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் பாயை விரித்த இளைஞனுக்கு, 'நீ யார் மகன்?' என்று கேளாமல் சோறு போட்டது கடைதான். அந்த இடமும் தானாக வந்துவிடவில்லை. அதே திருவல்லிக்கேணியில் 1957இல் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை அகற்றவேண்டுமென்று பெரியார் தலைமையில் மறியல் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்து நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பிறகே அச்சொல் அகன்றது. காசு கொடுத்தவன் எவனாயினும் சமமாக அமரலாம் என்பதும் ஓர் அறமே. விருந்தோம்பலைப் புகழ்வதற்காக அதைச் சிறுமைப்படுத்தலாகாது.

அப்படியானால் நம்மை உறுத்துவது எது? 2025 மார்ச்சில் வந்த ரமலானில் நம் வீட்டு வாசலில் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

அன்று வீட்டில் எவருக்கும் உடல்நலம் சரியில்லை. கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டது. அதற்கு மேல் சிலவற்றை மகள் செல்பேசியில் ஆர்டர் செய்தாள். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சூடாக வரவேண்டும் என்பதற்காக நேரத்தைக் கணக்கிட்டே செய்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நாமும் மெச்சினோம். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவைத்து அமர்ந்திருந்த வேளையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தோம். மூன்று மாடி ஏறி வந்த இளைஞர் பையை நீட்டவும் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. அவர் பையை நம் கையில் கொடுத்துவிட்டு, தம் தோள் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து, படியில் அமர்ந்து, "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்து இரண்டு மிடறு குடித்தார்.

"தம்பி, நோன்பா? உள்ளே வாங்க, கஞ்சி இருக்கு" என்றோம்.

"பரவாயில்லை பாய், அடுத்த ஆர்டர் விழுந்திருச்சு" என்றார். நாம் உள்ளே சென்று பழத்தட்டை எடுத்து வருவதற்குள் இரண்டு மாடி இறங்கிவிட்டார்.

சூடாக வந்த பொட்டலம் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. நம் நோன்பு நேரத்தோடு திறக்கப்படவேண்டும் என்று கணக்கிட்டபோது, அதே நொடியில் ஒரு மனிதர் வீதியில் இருந்தாகவேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறோம். அது மட்டும் நம் நினைவுக்கு வரவில்லை.

ஊழியர் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள். அமர்த்தாவிட்டால் ஓரிரு கவளமேனும் அவர் கையில் கொடுங்கள். அதன் வெப்பத்தைத் தாங்கியவர் அவரன்றோ என்னும் கருத்தில் அண்ணலார் சொன்ன ஹதீஸ் நாம் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் உண்ணும் ஒழுக்கத்துக்கென ஒரு தனி நூலே வகுத்தார்கள். தனியே உண்பவர், கூடி உண்பவர், வந்தவர்க்கு உணவளிப்பவர், விருந்து வைப்பவர் என்று அந்நூல் விரிகிறது. செல்பேசியில் அழைத்து உண்பவருக்கு அதில் பாடம் இல்லை. நாமே எண்ணிப் பார்க்கவேண்டியதுதான்.

அந்த இளைஞர் நம் ஊழியரா? சட்டப்படி அல்லர். அவர் ஒரு நிறுவனத்துக்காக ஓடுகிறார். அந்நிறுவனமும் அவரைத் தன் ஊழியர் என்று ஒப்புவதில்லை. விலை கொடுத்தோம், பொருள் வந்தது, கணக்குத் தீர்ந்தது என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். சற்று முன்பு நாமே பணத்தின் சமத்துவத்தைப் புகழ்ந்தோம். அவருக்கும் நம் கஞ்சி தேவைப்படவில்லை. அடுத்த ஆர்டருக்கான நேரமே தேவைப்பட்டது. நம் இரக்கத்துக்காக அவர் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அவர் வருமானம் குறைந்திருக்கும். இரக்கமும் சில வேளைகளில் பிறர் செலவில் நாம் உண்ணும் இனிப்பாகிவிடுகிறது.

எனினும் அந்த ஹதீஸ் காரணமாகக் காட்டுவது எசமான் ஊழியன் என்னும் உறவை அன்று. வெப்பத்தைத் தாங்கினார் என்பதையே. அடுப்பின் வெப்பமாயினும் சாலையின் வெப்பமாயினும், நம் உணவின் பொருட்டு ஒருவர் அதைத் தாங்கியிருக்கிறார். கூலி தாங்கியதற்கு ஈடு. அந்தக் கவளமோ, தாங்கியவரைக் கண்டோம் என்பதற்கு அடையாளம். முன்னதைக் கொடுத்ததால் பின்னது தீர்ந்துவிடுவதாக நமக்குத் தோன்றவில்லை.

2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், தமக்கு உணவு கொண்டுவருபவர் தம் மதத்தவர் அல்லர் என்பதைக் காட்டி, ஆர்டரை ரத்துச் செய்து அதைப் பறைசாற்றினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நாமும் கண்டித்தோம், கண்டிக்கவேண்டியதே. ஆனால் அவர் பெயரைப் பார்த்து வெறுத்தார். நாமோ பெயரைப் பார்ப்பதேயில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்லவரவில்லை. அவ்வளவு மலிவான நீதி நமக்கு வேண்டாம். அந்த மாதம் முழுதும் நம் வாசலுக்கு வந்தவர்களுள் ஒருவருடைய பெயரேனும் தெரியுமா என்று வீட்டில் கேட்டோம். செயலியில் ஒவ்வொரு முறையும் பெயர் வந்திருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடையில் பொருள் வாங்குவதிலும் இதே மறதி உண்டு. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வணிகரைக் கேட்ட வரலாறு எல்லோருக்கும் தெரியும். குவியலுக்குள் கை விடும் வழக்கம் நம் பாட்டனார் வரை இருந்தது. கொத்தவால் சாவடியில் சாக்கில் கை விட்டு அரிசியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்கள். 1996இல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. அங்கே இரவெல்லாம் லாரிகள் வந்து, விடியுமுன் மூட்டை இறங்கி, நகரம் கண் விழிக்கும்போது எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். 2020 மே மாதம் கொரோனாப் பரவலால் அச்சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோதுதான், அதைச் சுமந்து நிற்கும் தோள்களைப் பற்றி நகரம் சில நாள் பேசியது. இப்போது உறையிட்ட பொட்டலத்துக்குள் கை விட வழியில்லை; எழுத்தை நம்புகிறோம்.

நம் சமூகத்தில் அந்த எழுத்து பெரும்பாலும் 'ஹலால்' என்னும் ஒரு சொல். பலகையில் அதைக் கண்டதும் நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அச்சொல் எதற்குச் சாட்சி? அறுத்த முறைக்கும், விலக்கப்பட்டது கலவாமைக்கும். அந்தச் சாட்சியம் பெரிது, குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பின்கட்டில் தட்டுக் கழுவும் சிறுவனின் வயதுக்கு அது சாட்சியன்று. பரிமாறுபவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதற்கும் அன்று. வியர்வை உலருமுன் கூலி தரவேண்டும் என்பதும் அதே மார்க்கத்தின் சொல்தான்; அதற்குப் பலகை வைத்த கடையை நாம் கண்டதில்லை, கேட்டதுமில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு அமர இருக்கை வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அமர்ந்து உண்ட நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் அந்த நிற்கும் கால்களைக் கவனித்தோம்?

இதற்கு எதிரான ஒரு காட்சியும் இந்நகரத்திலேயே இருக்கிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமலான் மாலைகளில், மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த அன்பர்கள் நோன்பு திறக்கும் உணவைப் பரிமாறுகிறார்கள். பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த இந்துப் பெரியவர் ஒருவர் தொடங்கிவைத்த வழக்கம், பல்லாண்டுகளாக நடக்கிறது. அவர்களும் அதே மாலை நெரிசலில்தான், அதே பாங்குக்கு முன்பாகத்தான் உணவைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். வெப்பமும் சாலையும் அவர்களுக்கும் ஒன்றே. ஆனால் அங்கே கொண்டுவருபவரின் முகத்தை எவரும் பார்க்கத் தவறுவதில்லை. பணம் இடையில் இல்லாததால் முகம் தெரிகிறதா, அல்லது பணம் இருந்தாலும் தெரியும்படி நம் கண்ணைப் பழக்க இயலுமா? இதற்கு நம்மிடம் உறுதியான விடை இல்லை. ஒரு கோடி மக்கள் நெருங்கி வாழும் பெருநகரத்தில் எல்லா உணவும் அறமாக வந்துவிடாது, வாங்கித்தான் உண்ணவேண்டும்.

அந்த ரமலானின் மீதி நாட்களில் நம் இல்லத்தார் மாடிப்படி ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு, மூடிய தட்டில் பழமும் மூடி போட்ட தம்ளரில் கஞ்சியும் அஸருக்குப் பின் வைத்துவிடுவார். வேளையைச் சற்று முன்தள்ளி ஆர்டர் செய்யும்படி மகளிடமும் சொன்னோம். சூடு குறைந்தது பற்றி முதல் நாள் முணுமுணுத்தாள். வந்தவர்களில் சிலர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் கைகூப்பிவிட்டு ஓடினார்கள். நெற்றியில் திருநீறு அணிந்த ஒருவர் கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டு, இதில் என்ன பருப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டோம். படியில் அமர்ந்து தண்ணீர் குடித்தவர் மட்டும் மறுபடி வரவில்லை.