இரு கைகளுக்கு ஒரு மூடி

பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவின் சான்டா கிளாராவுக்கு வந்து ஆறு மாதம் தங்கும் பெரியவர்களின் பெட்டியில் ஊறுகாயோடு மாத்திரைகளும் வருகின்றன. அட்டையிலிருந்து பிதுக்கியோ புட்டியிலிருந்து எடுத்தோ, கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டு, மறக்காமல் இருக்கச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக்கொள்கிறார் பாட்டி. அவருடைய சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடாக இருந்தால், ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயதுக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக.

இத்தகைய ஆபத்தைத் தடுக்க, குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத, அழுத்தித் திருகும் மூடி, கனடாவின் விண்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோவின் முனைப்பால் 1967-இல் உருவானது. 1970-இல் அமெரிக்கா அத்தகைய மூடிகளுக்குச் சட்டம் இயற்றியது. நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் புட்டியைக் கொடுத்துச் சோதிப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து, திறக்கும் விதத்தையும் காட்டிவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் விடுவார்கள். நூற்றில் எண்பது பேர் தோற்றால் மூடி தேறிவிடும். அப்படியானால் மற்ற இருபது குழந்தைகள்? மூடி நமக்குத் தருவது சில நிமிட அவகாசம்தான். அந்த அவகாசத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அது அறியாது.

1995-இல் விதி திருத்தப்பட்டது. பெரியவர்களால் மூடியைத் திறக்க முடிகிறதா என்ற சோதனை 50 முதல் 70 வயதினரிடம் நடக்க வேண்டும் என்றார்கள். மூட்டுவலி விரல்களுக்கு மசியாத மூடியை மனிதர்கள் திறந்தே வைத்துவிடுகிறார்கள் என்பது அதற்குள் புரிந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை, அந்தச் சட்டத்தின் வரலாற்றில் மிக ஆழமான கணம் இதுதான்.

இன்று, எப்போது திறந்தார்கள் என்று பதிந்துகொண்டு மகனின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மின்னணு மூடிகள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் மாத்திரை டப்பாவுக்குப் போய்விட்ட பிறகு, அந்த மூடி காப்பது வெறும் புட்டியை. ஆபத்தை அறியாத கைக்கு மறுப்பதும், தளர்ந்த கைக்கு வழிவிடுவதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்பதையும், முதுமையின் சிரமத்தைப் பொருட்படுத்தாமல் எழுப்பும் எந்தக் காவலும் அந்தச் சிரமம் திறந்துவிடும் வழியாகவே குழந்தையிடம் தோற்றுப்போகிறது என்பதையும், ஒரே கூரையின் கீழ் வாழும் நம்மில் எவருடைய பாதுகாப்பும் மற்றவருடைய இயலாமையை மதிப்பதிலிருந்து பிரிந்து நிற்பதில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டால், கருவியிடம் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

மூடியை வடிவமைப்பவர்கள் எழுபது வயது விரல்களிலிருந்து தொடங்கட்டும். நாமும், அம்மா ஊரிலிருந்து வந்த அன்றே, எந்த மூடியைத் திறக்க முடிகிறது, பூட்டு வைத்த அலமாரி எந்த உயரத்தில் இருந்தால் கை எட்டும் என்று அவரிடம் கேட்போம்.