ஊட்டுதலும் உடன்படுதலும்

பசித்தார்க்கு உணவளித்தல் அறம் என்பதில் எச்சமயத்தார்க்கும் ஐயமில்லை. ஆயின், அவ்வுணவு கொலைசெய்தான் கைக்கு வலிமையாகுமாயின், அன்றி அடைத்துவைத்தான் செயற்கு உடன்பாடாகுமாயின், அப்பொழுதும் அஃது அறமேயாமோ? பேரழிவின்பின் எழுந்த அகதி முகாம்களில் தொண்டு புரிந்தாரை எதிர்ப்பட்ட வினா இதுவாம். இதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சூலை வரை உருவாண்டா நாட்டில் துட்சி இனத்தார் இலக்கக்கணக்கிற் கொன்றொழிக்கப்பட்டனர். கொலைபுரிந்த ஆட்சி வீழ்ந்ததும், ஹூட்டு இனத்தார் பல இலக்கத்தார் எல்லை கடந்து கோமா நகர்ப்பக்கல் சென்று தங்கினர். வாந்திபேதி பல்லாயிரவரை வாரிக்கொண்டது. பல நாடுகளினின்றும் உணவும் மருந்தும் வந்தன. ஆனால் அம்மக்களிடையே கொலைத்தொழில் நடத்திய படையினரும் அதிகாரிகளும் கலந்திருந்தனர். உணவுப் பங்கீடு அவர் கையிற் பட்டது. தலைக்கணக்கை மிகுத்துக் காட்டிப் பெற்றதனைக்கொண்டு தம் படையை வளர்த்தனர்; ஊர் திரும்ப விழைந்தாரை அச்சுறுத்தித் தடுத்தனர். இதுகண்டு, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் சங்கத்தின் பிரெஞ்சுப் பிரிவினர் அவ்வாண்டு நவம்பரில் வெளியேறினர். ஏனையோர் பலர் தங்கிப் பணியாற்றினர்.

ஈழத்து நிகழ்ச்சி இதற்கு மறுதலையாயிற்று. ஆண்டு முகாமைக் காத்தோர் அரசினரே. 2008 செப்டம்பரில், காவலுக்கு உறுதி கூற இயலாதென்று இலங்கை அரசு அறிவித்ததன்மேல், ஐக்கிய நாடுகள் அவையின் வேற்றுநாட்டுப் பணியாளர் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். போகவேண்டா என்று மக்கள் திரண்டு நின்று இரந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. இறுதிக்காலத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருத்தல் கூடும் என அவ்வவையின் வல்லுநர் குழு 2011-இல் உரைத்தது. இதனை இனப்படுகொலை என வட மாகாண சபை 2015-இல் தீர்மானித்தது. இலங்கை அரசு அதனை மறுத்துவந்தது. எஞ்சிய மக்கள் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் இருந்தது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பண்ணையாம்.

அம்முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயர்கள் இடப்பட்டன. கூத்தப்பெருமான் திருநடனப் பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய அறிஞர் பெயர் ஒரு சிறைவேலிக்கு ஆயினமை நினையுந்தோறும் நெஞ்சு வெதும்பும். 2009 டிசம்பர் வரை அம்மக்கட்கு வெளியே சென்றுவரும் உரிமை இல்லை. உலகத்தார் ஈந்த கூடாரமும் நீரும் அரிசியும் உயிரைக் காத்தன. அடைப்பினை நடத்தற்கும் அவையே துணையாயின. குழந்தைகள் நிதியத்தின் பேச்சாளர் ஒருவர் வெளிப்படப் பேசியமைக்காக அவ்வாண்டு நாட்டினின்றும் அகற்றப்பட்டார்.

இனி இதன்கண் எழும் கொள்கைகளை நோக்குவாம். ஒருசாரார், “அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றார், இடைப்புகுதற்கு நாம் யார்?” என்பர். அற்றன்று. வினைப்பயனை ஊட்டுவான் இறைவன். அத்தொழிலை நம்பால் அவன் ஒப்புவித்திலன். பிறர்க்கு வந்தது பிராரத்தமேயாயினும், அதுகண்டு வாளாவிருத்தல் நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

மற்றொருசாரார், “ஊட்டுவதே நம் கடன்; உண்பான் யாவன் என்று நோக்கற்க” என்பர். தம்மைக் குத்திய முத்தநாதனையும் கொல்லவொட்டாது காத்த மெய்ப்பொருள் நாயனாரை இதற்குச் சான்று காட்டுவர். அவ்வரலாற்றினை முற்ற நோக்குதல் வேண்டும். நாயனார் அவனுக்கு உயிர்க்காவல் தந்தார், நாட்டைத் தந்திலர். தத்தனைத் துணைவிட்டு ஊர்ப்புறத்து இடையூறு இல்லாத இடத்து விடுவித்தாரேயன்றி, அவன் கையில் தம் குடிகளை ஒப்படைத்திலர். இன்னும் ஒன்று: அவர் பொறுத்தது தமக்கு இழைத்த தீங்கினை. தம் உயிரை ஈதல் தமக்கு உரித்து. பிறர் உயிரை ஈதல் எவர்க்கும் உரித்தன்று. கோமாவிற் கொலைஞரிடம் பங்கீட்டை விடுத்தவர், தாம் பொறுத்தற்கு உரிமையில்லாத ஒன்றனைப் பிறர் பொருட்டுப் பொறுத்தவராயினர்.

அங்ஙனமாயின் ஊட்டாது விடுதல் தக்கதோ எனின், அன்று. எம்மூராகிய வீரகேரளம்புதூரில் அனுமன் நதி சிற்றாற்றோடு கூடுகின்றது. கூடியபின் இந்நீர் இதனது, அந்நீர் அதனது எனப் பிரித்தல் இயலாது. ஆயினும் மடையைத் திறப்பார் யார் என்பதனை ஊரார் வரையறுக்கலாம். முகாமினுட் குற்றவாளியும் குழந்தையும் கலந்திருப்பர். குற்றவாளியின் குழந்தைக்கும் பசி ஒன்றே. அக்கலப்பினைப் பிரித்தல் நம்மால் ஆகாது. மடையை, அஃதாவது பங்கீட்டினை, வல்லார் கையில் விடாது ஒவ்வொரு குடும்பத்திற்கும் நேரே சேர்ப்பித்தல் ஆகும். அதற்கு இடங்கொடாதவிடத்து நீங்குதலும், பிறர் ஊட்ட எஞ்சியிருப்பராயின், ஒருவகை மறக்கருணையேயாம். கண்டு கூறுவார் அரிதாகிய கிளிநொச்சியினின்றும் நீங்குதலோ அத்தகையதன்று. ஆகலின் தங்குதலும் நீங்குதலும் தம்மளவில் அறமும் அல்ல, மறமும் அல்ல. பின்னிற்பார் நிலையை நோக்கியே அவை துணியப்படும்.

எஞ்சியது மௌனம் ஒன்றே. பேசின் வாயில் அடைபடும், பசித்தார் பட்டினி கிடப்பர். பேசாவிடின் அடைத்தவன் செயற்கு உடன்பட்டவராவோம். இவ்விரண்டனுள் யாது செய்வது? இழப்பு யாருடையது என்பதே ஈண்டு அளவுகோல். பேசுதலால் தன் பதவியும் பெயருமே கெடுமாயின் பேசாமை அச்சமேயன்றிக் கருணையன்று. பசித்தார் உணவு கெடுமாயின், உள்ளிருந்து ஊட்டுவான் நாவடக்குக; ஆயின் கண்டதனைக் குறித்து வைத்து, வெளியிருப்பான் ஒருவன் உரைக்கக் கொடுப்பானாக. ஊட்டுவானும் உரைப்பானும் இருவராயினும் தொண்டு ஒன்றே. ஐக்கிய நாடுகள் அவை தன் கடமையிற் பெரிதும் தவறிற்று என்று அவ்வவையின் உள்ளாய்வே 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. மெனிக் பண்ணை அவ்வாண்டு செப்டம்பரிலேயே மூடப்பட்டிருந்தது. காலங்கடந்த உண்மை, இறந்தார்க்கு நீர்க்கடனாகலாம், இருந்தார்க்குச் சோறாகாது.

ஆகவே, உணவு எல்லார்க்கும் உரியது. அதிகாரம் கொலைஞர்க்கு உரியதன்று. மௌனம் நம்முடையதன்று, துன்புற்றார் பொருட்டுச் சிலகாலம் நம்பால் வைக்கப்பட்ட அடைக்கலப்பொருள். அதனை உரிய காலத்தில் திருப்பிக் கொடாதவன், ஊட்டிய கையாலேயே உடன்பட்டவனாவான் என்பது எமது துணிபு.