வளையத்தின் உயரம் ஒன்றே!

"பெண்ணுக்கு எதற்குப் பந்து?" என்று கேட்டவர்கள் இன்று குறைந்துவிட்டனர். அவர்கள் இடத்திலே வேறு சிலர் வந்து அமர்ந்திருக்கின்றனர். "ஆடட்டுமே, யார் தடுத்தார்கள்? ஆனால், ஆடவர் ஆட்டத்துக்குத் திரளும் கூட்டம் மகளிர் ஆட்டத்துக்குத் திரள்கிறதா? கூட்டம் இருக்குமிடத்தில்தானே பணம்? பணம் இருக்குமிடத்தில்தானே பரிசு?" என்று கணக்குப் பேசுகின்றனர். முன்னவர் மனுவைக் காட்டினார். பின்னவர் நுழைவுச் சீட்டைக் காட்டுகிறார். முடிவு என்னவோ ஒன்றுதான்: பெண்ணுக்குப் பின்வரிசை!

இந்தக் கணக்கைக் கோவையிலே வைத்துப் பார்ப்போம். நூற்பாலைக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற அந்நகரம், கூடைப்பந்துக்கும் பெயர் பெற்றது. அங்கே பூ.சா.கோ. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி உண்டு. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் பெயரால் ஆடவர்க்கும், சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் பெயரால் மகளிர்க்கும் கோப்பைகள் வைத்து அகில இந்தியப் போட்டிகள் நடத்தப்பட்டுள்ளன. இவற்றில் ஆடவர் கோப்பை மூத்தது. மகளிர் கோப்பை பல்லாண்டு இளையது. இரயில்வே, வங்கி, மின்வாரியம் என்று பல துறைகளின் அணிகள் வந்து மோதுகின்றன. ஆடுவோரில் பலர் அத்துறைகளின் ஊழியர்கள். பந்துதான் அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பெண் தன் பெயரில், தன் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவதற்கு இது ஒரு வழி.

ஆடுகளத்தைப் பாருங்கள். நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர், இருபாலர்க்கும் ஒன்றே. பத்து நிமிடம் வீதம் நான்கு கட்டம், அதுவும் ஒன்றே. மகளிர் ஆடும் பந்து சற்றுச் சிறியது, உண்மை. ஆனால் வளையம்? இருவர்க்கும் 3.05 மீட்டர் உயரம்! பெண் வருகிறாள் என்று அது ஓர் அங்குலமும் தாழ்வதில்லை. உழைப்பை அளக்கும்போது ஒரே அளவுகோல். மதிப்பை அளக்கும்போது மட்டும் வேறு அளவுகோலா?

"திறமையில் வேறுபாடு உண்டே!" என்பர். அந்த வேறுபாடு பிறந்த கதையைக் கேளுங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கினார். சில மாதங்களிலேயே, 1892இல், சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதனைக் கற்பித்தார். ஆனால், பெண்ணுடல் தாங்காது என்பது அக்காலத்தார் எண்ணம். எனவே ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு கிழித்தனர். தன் பகுதியை விட்டு எவளும் வெளியேறக் கூடாது! இலக்குவன் கோடு இராமாயணக் கதையோடு முடிந்துவிடவில்லை. கூடைப்பந்துக் களத்திலும் கிழிக்கப்பட்டது. ஒலிம்பிக்கிலே ஆடவர் கூடைப்பந்து நுழைந்தது 1936இல். மகளிர் கூடைப்பந்து நுழைந்தது 1976இல். நாற்பது ஆண்டு கதவை அடைத்து வைத்துவிட்டு, "ஏன் பின்தங்கினாய்?" என்று கேட்பதற்குப் பெயர் நீதியா?

"தகுதி, திறமை" என்னும் இந்தப் பல்லவி நமக்குப் புதிதன்று. பள்ளிக் கதவை மூடி வைத்திருந்தவர்களே, படிக்காதவனைப் பார்த்துத் தகுதி பேசிய நாட்டிலே பிறந்தவர்கள் நாம். கூட்டமும் அப்படித்தான். அது வானத்திலிருந்து பொழிவதன்று. நல்ல நேரமும் நல்ல விளம்பரமும் பல்லாண்டுப் பழக்கமும் சேர்ந்து திரட்டுவது. உச்சி வெயிலில் மகளிர் ஆட்டத்தை வைத்துவிட்டு, விளக்கொளியில் ஆடவர் ஆட்டத்தை வைப்போமானால், கூட்டக் கணக்கு எதைக் காட்டும்? நம் ஓரவஞ்சனையைத்தான் காட்டும்!

ஆனால் பெரிய இழப்பு அரங்கத்திலே நிகழ்வதில்லை, வீட்டிலே நிகழ்கிறது. பள்ளியிலே பந்தோடு பறந்து திரிந்த சிறுமி பூப்பெய்துகிறாள். சீர் வருகிறது, பந்தல் வருகிறது, விருந்து நடக்கிறது. மறு வாரம் அவள் மைதானத்துக்கு வருவதில்லை. "போதும், இனி என்ன ஆட்டம்?" என்று எத்தனை வீட்டுத் திண்ணைகள் தீர்ப்பளித்துவிட்டன! பதின்மூன்று வயதிலே நிறுத்தப்பட்டவளை எந்தக் கூட்டம் வந்து பார்க்கும்?

நிறுத்தப்படாதவள் என்ன ஆவாள் என்பதற்கும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். தென்னக இரயில்வேயில் பணி பெற்றார். தாயான பின்னும் களம் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தபோது, அவர்களுக்குக் கூட்டம் சேருமா என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. 1929 செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழகச் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. கூட்டத்துக்காகக் காத்திருந்தா அந்த நீதி பிறந்தது? நீதி முன்னே சென்றது. கூட்டம் பின்னே வந்தது.

எனவே, போட்டி நடத்துவோரே, இருபாலர்க்கும் ஒரே நேர மதிப்பும் ஒரே பரிசும் தாருங்கள். பெற்றோரே, பூப்பு நீராட்டோடு பந்தைப் பரணில் ஏற்றாதீர்கள். தோழர்களே, மகளிர் ஆடும் நாளிலும் அரங்குக்குச் செல்லுங்கள். வளையம் தன் உயரத்திலே நிற்கிறது. தாழ்ந்து கிடப்பது நம் மனம்தான்; உயர வேண்டியதும் அதுவே!