சித்தப்பாவின் துண்டு

பாட்டில் மேல் துண்டைப் போட்டாரே, அது எதற்காக என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மதுரை எல்லிஸ் நகர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. தம்பி உள்ளே போய் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்துவந்து குழம்புச் சட்டிக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் நடுவில் வைத்தான். அவன் இருக்கும் ஊரில் அப்படித்தான் வைப்பார்களாம். எதிரில் அப்பத்தா. அப்பத்தாவுக்குப் பக்கத்தில் சித்தப்பா. அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பாட்டிலைக் கழுத்திலிருந்து அடி வரைக்கும் மூடினார். பிறகு நெஞ்செலும்பு ரசத்தை இலையிலிருந்து வழித்துக் குடித்தார்.

சித்தப்பா குடிப்பவர். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. பாக்கு வாசனையும் தலை குனிந்துகொண்டு நேராக மாடிக்குப் போய்விடும் நடையும்தான் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு ஒன்பது மணி தாண்டியதும், "கொஞ்சம் காலாற நடந்துட்டு வர்றேன்" என்று எழுந்துவிட்டார். கடை பத்து மணிக்கு அடைத்துவிடும். அவர் இலையில் அயிரைக் குழம்பு ஊற்றிய சோறு பிசையாமலே கிடந்தது.

அந்த அயிரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் பிடித்தது, உயிரோடு வந்தது. சித்தி அதைப் பாலில் விட்டுக் காத்திருந்தாள். மீன் பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கும். பால் கலங்கக் கலங்க மாற்றினாள். பிறகு உப்புப் போட்டு உரசி, நீர் தெளிகிறவரை அலசி, புளியைக் கூட்டி, மண்சட்டியில் அடுப்பைத் தணித்து வைத்தாள். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. அது சித்தப்பாவுக்குப் பிடித்த குழம்பு. அதை விட்டுவிட்டுப் போனார். எங்கே போனார் என்பதும் தெரியும். கடையை ஒட்டிய பாரில், பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் அவித்த முட்டையுமாக, முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு குடிப்பதற்குப் போனார். பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மடக்கு குடிக்க முடியாதவருக்கு அங்கே முடிகிறது.

மரியாதைதான் காரணம் என்று உடனே தோன்றும். எங்கள் பக்கத்தில் பெரியவர் முன்னால் துண்டைத் தோளிலிருந்து இறக்குவதே மரியாதை. கோயில் வாசலில் அதை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். துண்டைத் தோளில் போட்ட குற்றத்துக்காக மனிதரை அடித்த ஊர்களும் இந்தச் சீமையில் இருந்தன. அப்பேர்ப்பட்ட துண்டை எடுத்து ஒரு பாட்டிலுக்குப் போர்த்துகிறார் என்றால் அது சும்மா செய்த காரியமாக இருக்காது. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு குறள் தாயின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மகன் என்ன செய்தாலும் பொறுக்கிற தாய்க்கே அவன் குடித்துக் களித்து நிற்பது கசக்கும், அப்படியிருக்கச் சான்றோருக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறது. சித்தப்பா அந்தக் குறளைப் படித்திருக்கிறாரா என்பது தெரியாது. படித்துத்தான் அந்தக் கூச்சம் வர வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் அந்தத் தாய், என் அப்பத்தா, குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அல்லது பார்த்ததாக நினைக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் பனை இருந்தது. கோடை விடுமுறையில் எங்களை அங்கே விட்டுவிடுவார்கள். மரத்திலிருந்து கலயம் இறங்கும். ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து, தாத்தா இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வார். மேலே வெள்ளையாக நுரை. நுரையில் எறும்பு. ஓரமாக ஊதி எறும்பை ஒதுக்கிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார். அதே பட்டையை அப்பத்தாவிடம் நீட்டுவார். அப்பத்தாவும் ஊதுவாள், குடிப்பாள். சுட்ட கருவாடு நடுவில் இருக்கும். இரண்டு பேரும் மாடு விலை, மகள் வீட்டுச் சண்டை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கும் கருவாட்டில் ஒரு துண்டு கிடைக்கும்.

அது கள்ளா, பதநீரா? கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. பதநீர் என்றால் நான் பார்த்தது தாகத்துக்குக் குடிக்கும் சாதாரணக் காட்சி. கள் என்றால், சித்தப்பா எதை மூடினார் என்ற கேள்வியே மாறிப்போகிறது. அப்போது அரசு ஏலம் விட்ட கள்ளுக்கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. 1987-ல்தான் அவற்றை மூடினார்கள். அதனால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. போன மாதம் அப்பத்தாவிடமே கேட்டேன். "அது கெடக்கு கழுத, பழைய கதை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அதற்கு மேல் பேச்சு வாங்க முடியவில்லை.

ஔவையார் என்றால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆத்திசூடியும் நெல்லிக்கனியும்தான். 1953-ல் வந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் திருநீறு பூசிக் கோலூன்றி நடந்த உருவம்தான் மனசில் பதிந்திருந்தது. கல்லூரிக்குப் போன பிறகுதான் சங்க காலத்து ஔவை வேறு ஆள் என்று தெரிந்தது. உ.வே.சா. 1894-ல் பதிப்பித்துக் கொடுத்த புறநானூற்றில், 235-ஆம் பாட்டு, தகடூர் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலை. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தை அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்குகிறாள். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பல கலங்களில் பங்கிட்டான், எலும்போடு கூடிய கறியை எங்களுக்குக் கொடுத்தான், அம்பும் வேலும் பாயும் இடத்தில் மட்டும் தானே போய் நின்றான் என்கிறாள். ஒரு அரசன் செத்ததற்கு அழும்போது அவன் வென்ற நாடு அவளுக்கு முதலில் நினைவு வரவில்லை. பங்கு வைத்த விதம்தான் வருகிறது. அதைப் படித்த அன்று விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஆணும் பெண்ணும், காதலர் அல்ல, கணவன் மனைவியும் அல்ல, நண்பர்களாக உட்கார்ந்து கள் பகிர்ந்திருக்கிறார்கள், அதில் யாருக்கும் எதையும் மூடத் தோன்றவில்லை.

மதுரைக்காஞ்சியிலும் இந்த ஊர்த் தெருக்களில் பறக்கும் கொடிகளுக்கு நடுவில் கள்ளுக்கடைக் கொடியும் பறக்கிறது. மாங்குடி மருதனார் அதைக் கோயில் கொடியோடு சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறார்.

பழைய நூலைக் காட்டி இன்றைய குடியை நல்லதாக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பனையிலிருந்து காலையில் இறங்கியதைப் பகிர்ந்து குடிப்பதும், ஆலையில் வடித்த குவார்ட்டர் பாட்டிலைத் தனியாக நின்று கவிழ்ப்பதும் ஒன்றல்ல. 2003 முடிவிலிருந்து மதுவின் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023-24-ல் மட்டும் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சித்தப்பாக்கள் இருக்கிறார்கள்.

பாண்டி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒன்று கவனிப்பேன். முனீஸ்வரருக்குச் சைவப் படையல்தான். அங்கேயே இருக்கிற சமயக் கருப்புக்குத்தான் கிடாவும் சுருட்டும் பாட்டிலும். கைக்குழந்தையோடு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சந்தனம் வைத்த பாட்டில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிற்கும். படையல் முடிந்த அடுத்த நிமிஷம் அதே பாட்டில் வேனுக்குப் பின்னால் போய்விடும், ஆண்களும் போய்விடுவார்கள். பெண்கள் கறியை வேகவைத்து, பந்தி விரித்துக் காத்திருப்போம். அவர்கள் திரும்பி வரும்போது பாதிப் பேருக்கு நாக்கில் ருசி இருக்காது. கடைசிப் பந்தியில் நாங்கள் ஆறிய சோற்றில் உட்காருவோம். சாமி முன்னால் வைக்கக் கூசாத ஒன்றை நம் வீட்டு மனிதர் முன்னால் வைக்க ஏன் கூச வேண்டும் என்று எனக்கு அங்கே ஒவ்வொரு முறையும் ஆத்திரமாக வரும்.

இதைச் சித்தியிடம் ஒருநாள் சொன்னேன். குடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தால் அதற்கு ஒரு அளவு வந்துவிடாதா, அம்மா பார்க்கிறாள், மகள் பார்க்கிறாள் என்றால் ஒரு டம்ளரோடு நிற்காதா, பேச்சும் சாப்பாடும் நடுவில் இருக்காதா என்று கேட்டேன். சித்தி கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே, "உங்க சித்தப்பா மூடுனதாலதாண்டி என் பயலுக ரெண்டு பேரும் இன்னும் அதைத் தொடல" என்றாள். பிறகு, "ஒளிஞ்சு குடிக்கிறவனுக்காவது அது தப்புன்னு தெரியுது" என்றாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ராத்திரி பத்தரைக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அவள். படித்த பாட்டையும் பார்த்த பட்டையையும் வைத்துக்கொண்டு நான் பேசுகிறேன். ஆனாலும் அவள் பேச்சும் எனக்கு முழுசாக அடங்கவில்லை. தப்பென்று தெரிந்ததால்தானே அந்த மனிதர் தனக்குப் பிடித்த குழம்பை விட்டு எழுந்து போனார்? கூச்சம் அவரைக் குடியிலிருந்து நிறுத்தவில்லை, எங்களிடமிருந்துதான் பிரித்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அவர் துண்டைப் போட்டது தாய்க்காக இல்லாமல், மகன்களுக்காகவும் இல்லாமல், தனக்காகவே இருந்திருக்கலாம். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன அவரால் முடியாமல் இருந்திருக்கலாம். ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குத்தான் நான் சொல்லும் பந்தி பொருந்தும் என்றால், அவரை அதில் உட்காரச் சொல்வது அன்புதானா?

தம்பி சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறான். போனில், "இந்தத் தடவை கம்பத்துப் பன்னீர்த் திராட்சையில போட்ட ஒயின் கிடைக்குதான்னு பாக்கவாக்கா? நம்ம ஊருப் பழம்னா அப்பத்தாவும் ஒரு வாய் குடிக்கும்" என்று கேட்டான். அப்பத்தா குடிப்பாள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சித்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சித்தி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அது சரியா என்பதுதான் தெரியவில்லை.