கலம் ஆராய்தலும் திருவருளை நம்புதலும்

திருவருளே தமக்குச் சார்பு என்று கொண்டார், தாம் மேற்கொள்ளும் வினையில் வரக்கூடிய இடையூறுகளை முன்னரே ஆராய்ந்து காவல் தேடுதல் தகுமோ, அன்றி அஃது அவ்வருளின்கண் ஐயமுடைமையைக் காட்டுமோ என்னும் ஆசங்கை நம்மவரிடையே அடிக்கடி எழுவதொன்று. இதனைப் பொதுவகையான் எடுத்து ஆராயப் புகின் சொற்போராய் முடியும். ஆகலின் உயிர்க்கேடு வெளிப்படையாய் நிற்கும் ஒரு காரியத்தின்மேல் வைத்து ஆராய்வாம்.

பிறர் நெடுநாள் ஓட்டிய பழைய படகொன்றைப் புதிதாக விலைக்கு வாங்கிய ஒருவர், சுற்றத்தாரை ஏற்றிக்கொண்டு, பருத்தித்துறையினின்று திருக்கோணமலைக்குக் கடல்வழியே சென்று கோணேசப் பெருமானை வழிபட விழைகின்றார் என்று கொள்க. இடைப்பட்ட தொலைவு நேர்வழியில் ஏறக்குறைய 95 கடல்மைல். வழியில் உள்ள முல்லைத்தீவுக் கரை திறந்த மணற்கரையாதலின், இடர் நேர்ந்துழிப் புகுதற்குரிய நல்ல துறைமுகம் ஆகாது. இந்நிலையில் அவர் படகைக் கரையேற்றிப் பலகை பலகையாய்ச் சோதிக்கத் தொடங்கினால், 'சிவன் தலம் நோக்கிச் செல்வார்க்கு இத்துணை அச்சம் எற்றுக்கு?' என்பார் ஒருவர். 'மூழ்கும் ஊழிருப்பின் புதுக்கலமும் மூழ்கும். இல்லையேல் ஓட்டைக்கலமும் கரைசேரும்' என்பார் மற்றொருவர். முன்னவர் கூற்றுப் பத்தி போலவும் பின்னவர் கூற்றுச் சித்தாந்தம் போலவும் தோன்றும். இரண்டும் அவையல்ல என்பதே ஈண்டு யாம் காட்டப் புகுந்தது.

ஊழ் பற்றிய கூற்றை முதற்கண் நோக்குவாம். வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகையாக நம் நூல்கள் வகுத்தமை வாளா அன்று. நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாய் ஈட்டப்படுவது ஆகாமியம். நடுக்கடலில் எதிர்பாராது எழுந்த சூறைக்காற்றுப் பிராரத்தவழி வந்தது எனலாம். அடிப்பலகை உளுத்திருத்தலைக் கத்திமுனையாற் குத்தி அறியக்கூடிய ஒருவன் குத்தாது விட்டமையோ, அவன் இன்று செய்த செயல். அஃது அவன் கணக்கில் ஆகாமியமாய் ஏறும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'ஊழ்' என்று பெயரிடுவோர், தம் சோம்பலை முற்பிறவியின்மேல் ஏற்றுகின்றனர். இவ்வாறு பேசுவோர் தம் வீட்டுக் கதவைத் தாழிடாது உறங்குவதை யாம் கண்டதில்லை.

இனிப் பத்தி பற்றிய கூற்று. இது வலியுடைத்து, ஏனெனில் திருமுறை வரலாறுகளே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். திருநாவுக்கரசு நாயனார் கல்லோடு பிணிக்கப்பட்டுக் கடலில் இடப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருக்கொள்ளம்பூதூரில் ஆறு பெருகி, ஓடக்காரர் ஓடத்தைக் கைவிட்டொழிந்த காலத்து, அடியாரையும் ஏற்றித் தாமும் ஏறித் திருப்பதிகமே கோலாகச் செலுத்தியருளினார். அங்கெல்லாம் கலம் ஆராய்ந்தவர் யாவர் என்று வினவுவர்.

நாவரசர் தாமே கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினாரல்லர், பிறரால் இடப்பட்டார். நேர்ந்த இடரில் அருளைப் பற்றுதல் வேறு. இடரைத் தானே விளைத்துக்கொண்டு அருளை அழைத்தல் வேறு. பிள்ளையார் வரலாறோ இவ்விடையான் அடங்காது. அவர் தாமே ஏறினார், பிறரையும் ஏற்றினார். ஆயினும் அவ்வோடத்தைச் செலுத்தியவர் யார் என்பதை நோக்குக. 'யான்', 'எனது' என்பன முற்றும் அற்றுத் தற்போதம் சிவபோதத்துள் அடங்கினார் செயல் சிவன் செயலேயாம். நம் படகுக்காரரோ படகின் விலையை நான்கு நாள் பேசிக் குறைத்தவர். விற்பனைப் பத்திரத்தை வரிவரியாய்ப் படித்தவர். பணத்தை இருமுறை எண்ணிக் கொடுத்தவர். அங்கெல்லாம் அருளின்மேற் பாரம் வையாதவர், உழைப்பும் செலவும் வேண்டும் பலகையிடத்து மட்டும் அருளின்மேற் பாரம் வைப்பாராயின், அதனை நம்பிக்கை என்று அழைத்தல் பொருந்துமோ? கோளறு பதிகத்தை ஓதிப் புயல் எச்சரிக்கையைப் புறக்கணிப்போரும் உளர். கோள்கள் அடியாரை நலியா என்பதே அப்பதிகத்தின் கருத்து; உளுத்த பலகைக்கு அஃது உறுதிச்சீட்டு அன்று.

மேல்நாட்டார் ஒருவர் இப்பொருளை மிகக் கூர்மையாய் ஆராய்ந்துளர். வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலக் கணிதப் பேராசிரியர் 1877இல் வெளியிட்ட, 'நம்பிக்கையின் அறம்' எனப் பொருள்படும் கட்டுரையை ஒரு கப்பற் சொந்தக்காரன் கதையோடு தொடங்குகின்றார். குடிபெயர்வோரை ஏற்றிச் செல்லும் பழங்கப்பல்; அது பழுதுற்றது என்னும் ஐயம் அவனுள்ளத்தில் எழுகின்றது; சோதித்தல் பெருஞ்செலவு. பல பயணம் தாங்கிய கலம் இதனையும் தாங்கும் என்றும், இத்துணைக் குடும்பங்களை இறைவன் காவாதிரான் என்றும் தனக்குத்தானே சொல்லி, மெய்யாகவே நம்பிவிடுகின்றான். கப்பல் மூழ்குகின்றது, அவன் காப்பீட்டுப் பணம் பெறுகின்றான். கப்பல் நலமே கரைசேர்ந்திருப்பினும் அவன் குற்றவாளியே என்பது அவர் துணிபு. கதை கற்பனையாயினும் சொன்னவர் கடலறியாதவரல்லர். 1870இல் சூரியகிரகணங் காணச் சென்றபோது சிசிலித் தீவின் அருகே கப்பலுடைந்து உயிர் தப்பியவர்.

அக்காலத்து ஆங்கில நாட்டில் இஃது ஏட்டளவில் நின்ற வழக்கும் அன்று. அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிய கப்பல்கள் மூழ்குவதைக் கண்டு பொறாது சாமுவேல் பிளிம்சால் என்பார் பாராளுமன்றத்திற் போராடியதன் பயனாக, 1876இல் கப்பற்புறத்தே சுமையெல்லைக்கோடு வரைதல் வேண்டும் என்று சட்டமாயிற்று. அக்கோட்டை எவ்விடத்து வரைவது என்பதையோ சொந்தக்காரர் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர்! அவ்விடத்தையும் அரசே வரையறுத்தல் 1890இன் சட்டத்தால் வந்தது. தன் கலத்தைப் பற்றித் தானே தீர்ப்புக் கூறுவோன் எங்கே கோடு வரைவான் என்பதற்கு இவ்விடைக்காலம் சான்று.

கிளிஃபோர்டு கடவுட்கொள்கையுடையாரல்லர். போதிய சான்றின்றி எதனையும் எவரும் நம்பலாகாது என்னும் அவர் முடிபை யாம் அவ்வாறே கொள்ளற்கில்லை. கப்பற் சொந்தக்காரனைப் பற்றிய தீர்ப்போ நம் அளவை நூலுக்கும் ஒத்ததே. சிவஞானசித்தியார் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை முன்வைத்தே தொடங்குகின்றது. காட்சியும் கருதலும் எட்டாத பதி முதலிய பொருள்களை உணர்த்தற்கு உரையளவை வேண்டும். பலகை உளுத்ததா, ஆணி துருப்பிடித்ததா என்பன கைக்கும் கண்ணுக்கும் எட்டுவன. அவற்றை அறியக் கண்ணையும் கையையும் தந்தவனும் இறைவனே. அவற்றைப் பயன்படுத்தாது அருளே காட்டுக என்பவன், விளக்கை ஏற்றித் தந்தவன் முன்னே கண்ணை மூடிக்கொண்டு வழிகேட்பவனோடு ஒப்பன். ஐயக்காட்சி குற்றமன்று, உண்மைக் காட்சிக்குச் செல்லும் வழியில் நிற்பது. ஐயம் தீர்க்கப்படற்பாலது, அடக்கப்படற்பாலதன்று. அச்சொந்தக்காரன் செய்தது அடக்குதல். அடக்கியபின் தான் அடக்கினான் என்பதும் அவனுக்குத் தோன்றாமற் போயிற்றே, அதுவே ஆணவ மறைப்பின் இயல்பு.

இனிச் சோதிக்கும் முறைக்கு வருவாம். பழங்கலம் வாங்குவோன் மரத்தையும் இயந்திரத்தையும் மட்டும் வாங்குகின்றானல்லன். முன்னோன் அதனைக் கையாண்ட வினைத்தொகுதியையும் உடன் வாங்குகின்றான். அவன் எண்ணெய் மாற்றாது ஓட்டிய நாள்கள், பாறையில் உராய்ந்தபின் பூச்சால் மறைத்த வடு ஆகிய எல்லாம் கலத்துள் சஞ்சிதம் போலக் கிடக்கும். துறைமுகத்தின் அமைதியில் அவை தோன்றா. டீசல் தொட்டியொன்றே போதிய சான்று. பல்லாண்டாகச் சேர்ந்த கசடும் நீரும் அதன் அடியிற் படிந்திருக்கும். துறைக்குள் ஓட்டும்போது இயந்திரம் சிறிதும் பிசகாது. வாங்குவோன் மகிழ்ந்து பணம் கொடுப்பான். வெளிக்கடலில் அலை புரட்டியவுடன் அடிக்கசடு கலங்கி எழுந்து வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் வேண்டிய நேரத்தில் நிற்கும். ஆகலின் தொட்டியைத் திறந்து கழுவுக; வடிகட்டியைப் புதிதாக்குக; மாற்று வடிகட்டிகள் சிலவற்றை உடன் கொள்க; அலையில் ஆடிக்கொண்டே அதனை மாற்றப் பழகுக.

கலத்தைத் தரையேற்றிச் சிறு சுத்தியலாற் தட்டி ஒலி கேட்க. நல்ல மரம் கணீரென்னும். உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். இக்காலத்துப் பைபர் படகுகளிலும் படலம் பிரிந்த இடம் அவ்வாறே காட்டிக்கொடுக்கும். மரக்கலமாயின் கலப்பற்று அடித்த பொருத்துவாய்களை நோக்குக. வெயிலில் நெடுநாட் கிடந்த கலம் நீரில் இறங்கியவுடன் ஒழுகும். சில நாளில் மரம் ஊறி ஒழுக்கு நிற்பின் அஞ்சவேண்டுவதில்லை. நில்லாது ஒழுகின் உள்ளே வேறு நோய் உண்டு. நீர்மட்டத்தின்கீழ் உள்ள குழாய்வாய்களும் அவற்றின் இரப்பர்க் குழாய்களும் பெரும்பாலோர் பாராதன. பல கலங்களை மூழ்குவிப்பன அவையே. சுக்கான், நங்கூரம், நீரிறைக்கும் பொறி முதலியவற்றைப் பற்றி விரிக்க வேண்டுவதின்று.

இவையெல்லாம் செம்மையாயினவென்று உடனே புறப்படுதல் கூடாது. கரை காணும் எல்லைக்குள் சிறிது அலையுள்ள நாளிற் சென்று மீள்க. பின் ஓரிரவு நங்கூரமிட்டுத் தங்கி, உள்ளே ஊறிய நீரை அளந்து பார்க்க. பின் அதனினும் நெடிய ஓட்டம். மறைந்து கிடப்பது வெளிப்பட்டே தீரும். அது நீந்திக் கரைசேரக்கூடிய இடத்தில் வெளிப்படுமாறு செய்தலே அறிவு. எண்ணெயை மூன்று கூறாக்கி ஒரு கூறு போதற்கும் ஒரு கூறு மீளுதற்கும் ஒரு கூறு இடருக்கும் என வைப்பது கடலோடிகள் வழக்கு.

காலமும் ஆராயற்பாலது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் வங்கக்கடற் புயல்களும் இக்கரைக்கு உரியன. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரிலும், மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 1978 நவம்பரிலும் வந்தவை. வைகாசி முதல் ஆவணி வரை கீழ்க்கடல் பொதுவாக அமைதியுறும். அவ்வமைதியிலும் ஒரு வஞ்சனை உண்டு. அப்போது வீசுவது நிலத்தினின்று கடல்நோக்கிச் செல்லும் கச்சான். கரையோரத்தில் அலையே இன்றிக் கடல் குளம்போற் கிடக்கும். இயந்திரம் நின்ற கலத்தையோ அக்காற்றே மெல்லமெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். ஆகவே கரையை அதிகம் விட்டு விலகாமையும், நீளமான கயிற்றோடு நங்கூரம் உடைமையும், கடல் வானொலியில் இடர்க்குரலுக்குரிய 16ஆம் அலைவரிசையில் பேசும் கருவி உடைமையும், புறப்படும் நேரமும் சேரும் நேரமும் கரையில் ஒருவர் அறிந்திருத்தலும் இன்றியமையாதன.

இத்துணை ஆராய்ச்சி பத்திக்கு மாறாகாமைக்கு வல்வெட்டித்துறையே சான்று. அங்கே கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்றுக்கு அம்பிகையின் திருப்பெயராகிய 'அன்னபூரணி' என்று பெயரிட்டனர். அதனை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1928 முதல் 1931 வரை சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்தவர் அவர். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்ட அப்பழங்கலம், அவ்வூர் மாலுமிகள் செலுத்த, துறைதுறையாய்த் தங்கி, சூயசும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அம்பிகை பெயரை முகப்பில் எழுதியோர் அதன் பொருட்டுக் கலப்பற்று வேலையைக் குறைத்திருப்பின் அது பாக்குநீரிணையையும் தாண்டியிராது.

எஞ்சியது உடன்வருவார் திறம். தனியே செல்வோன் தன்னுயிரைப் பணயம் வைக்கின்றான்; அதுவும் குற்றமே, எனினும் அவன் அறிந்து வைக்கின்றான். ஏற்றிச் செல்லப்படும் முதியோரும் குழந்தைகளும் பலகையைத் தட்டிப் பார்த்தாரல்லர். அவன் முகத்தைப் பார்த்தே ஏறுகின்றனர். அவர் நம்பிக்கை அவன் கையில் வைத்த அடைக்கலப்பொருள். ஆகவே முதற் பயணத்தில் கடலறிந்தாரை மட்டும் கொள்க. பின்னர்ப் பிறரை ஏற்றுங்கால் கலத்தில் அறிந்த குறை ஒன்றேனும் இருப்பின் அதனை அவர்க்கு வாய்திறந்து சொல்லுக; தலைக்கொன்றாக உயிர்காப்பு மிதவை கொடுத்து, அதனை அணிந்தபின்னரே கரையினின்று நீங்குக.

குறித்த திருவிழா நாளில் கோணேசரைக் காண்பதாக நேர்ந்துகொண்டவர், அந்நாள் நெருங்கியும் கடல் இறங்காவிடின் என் செய்வது எனின்: கலம் பலவற்றைக் கெடுத்தது காற்றினும் நாட்குறிப்பே என்பர் கடலோடிகள். நேர்ந்தது தரிசனத்தை, நாளை அன்று. இப்போது தரைவழியும் உண்டு; அதன்வழிச் செல்லலாம். கடல்வழியே செல்லல் வேண்டும் என்பாராயின், கரையில் நின்று அத்திசை நோக்கி வணங்கி, நங்கூரத்தை எடாது, காற்றுத் தணியுமட்டும் இருப்பாராக.