அனுப்புநர் யார்?



எமது செய்திமடலை இனி மின்னஞ்சல் மூலமாகவும் அனுப்புவதென்று பரிபாலன சபை தீர்மானித்தது. இதற்கென இருக்கும் சேவைகளில் முதலில் ஒரு சிறிய படிவம் வருகின்றது. அனுப்புநர் பெயர், பதில் வரவேண்டிய முகவரி, மடலின் தலைப்பு, யார் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியல். ஐந்து நிமிட வேலை என்று எமது இளைஞர்கள் சொன்னார்கள். இரண்டு கூட்டங்கள் முடிந்தும் படிவம் நிரம்பவில்லை. அது வீணான தாமதம் என்று நாம் கருதவில்லை.

பட்டியலை எடுத்துக்கொள்வோம். அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் பெயர், நட்சத்திரம், இராசி ஆகியவற்றோடு பற்றுச்சீட்டு அனுப்புவதற்காக மின்னஞ்சல் முகவரியும் கேட்கப்படுகின்றது. பரீட்சை எழுதும் மகனுக்காக ஒரு தாய் அவற்றைச் சொல்கின்றார். வேறொருவர் தகப்பனாரின் திவசத்துக்கு மோட்ச அர்ச்சனை செய்விக்கின்றார். இந்த முகவரிகளை எடுத்து இராசகோபுரத் திருப்பணிக்கு நிதி கேட்டு எழுதலாமா? “கோயில் காரியந்தானே, இதில் என்ன பிழை?” என்பது பலருடைய கேள்வி. ஊரிலே திருவிழாவுக்கு வீடு வீடாகச் சென்று நோட்டீஸ் கொடுத்தோம், யாரிடம் அனுமதி கேட்டோம் என்கின்றார்கள். உண்மைதான். ஆனால் அங்கே படலையடியில் வந்து நிற்பவர் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். வேண்டாமென்றால் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியும். போனவரும் அடுத்த வருடம் அதை நினைவில் வைத்திருப்பார்.

கனடாவில் இதற்கு ஒரு சட்டமும் உண்டு. 2014 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வேண்டா அஞ்சல் தடுப்புச் சட்டம், வணிக நோக்குள்ள மின்மடல்களுக்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்கின்றது. முன்கூட்டியே அடையாளமிட்ட கட்டம் சம்மதமாகாது. அனுப்புபவரின் பெயரும் அஞ்சல் முகவரியும் மடலில் இருக்க வேண்டும். விலக விரும்புபவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்கிவிட வேண்டும். ஆயினும் பதிவுபெற்ற தரும நிறுவனம் முக்கியமாக நிதி சேர்ப்பதற்கென்றே அனுப்பும் மடலுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்குண்டு. ஆகவே நாம் எழுதினால் எம்மை எந்த நீதிமன்றமும் கேட்கப் போவதில்லை. கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கின்றது. அந்தத் தாய் மகனின் நட்சத்திரத்தைச் சொன்னது அம்பாளுக்கு, எமக்கல்ல. நாம் அதை எழுதி வைத்தவர்கள் மட்டுமே. அடைக்கலமாக வந்த பொருளைக் காப்பவன், நல்ல காரியத்துக்கென்றாலும், கொடுத்தவரைக் கேளாமல் அதை எடுத்துச் செலவழிக்கலாமா? கூடாது என்பதே எமது முடிவு. திவசத்துக்குச் சொன்ன பெயருக்கு ஒரு தவறான வேளையில் பிறந்தநாள் வாழ்த்துப் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டில் அதைத் திறந்து பார்ப்பவர் யாரென்று எண்ணிப் பாருங்கள்.

அனுப்புநர் பெயரில்தான் விவாதம் சூடேறியது. அம்பாளின் திருநாமத்தையே அனுப்புநராகப் போட்டால் எல்லோரும் திறந்து பார்ப்பார்கள் என்று ஓர் அன்பர் சொன்னார். சோழர் காலத்துச் சிவன் கோயில்களில் நிலம், பொன் பற்றிய ஓலைகள் சண்டேசுவரர் பெயரிலேயே வழங்கின என்று கல்வெட்டுச் சான்றையும் எடுத்துக் காட்டினார். நல்ல வாதம், நாமும் இரசித்தோம். ஆனால் அங்கும் சிவபெருமான் பெயரில் ஓலை போகவில்லை, அவருடைய காரியம் பார்க்கும் அடியாரின் பெயரிலேயே போனது. அதன் கீழே மனிதர்கள் தத்தம் பெயர் சொல்லிக் கையொப்பமிட்ட ஆவணங்களும் உண்டு. நிதி கேட்பது சபை. வேண்டாமென்று சொல்ல ஓர் அடியாருக்கு உரிமையுண்டு. அம்பாள் பெயரில் கேட்டால் அந்த உரிமையைப் பறித்து விடுகின்றோம். எனவே சபையின் பெயரும், எழுதும் செயலாளரின் பெயரும் இருக்கும்.

தலைப்பு நேராக இருக்க வேண்டும். பணம் கேட்கும் மடலுக்கு “உங்கள் அர்ச்சனை பற்றி” என்று தலைப்பிடுவது, திருநீற்றுத் தட்டில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை ஒளித்து நீட்டுவது போன்றது. பதில் முகவரியும் யாராவது வாசிக்கும் முகவரியாக இருக்க வேண்டும். செயலாளர் இதற்கு முகம் சுளித்தாலும் இணங்கிவிட்டார்.

ஒன்றில் மட்டும் எமக்குள் இன்னமும் ஒருமனம் இல்லை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றை வைத்தால், அதை யார் எப்போது திறந்தார்கள் என்று இந்தச் சேவைகள் கணக்குக் காட்டும். 2021 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சல் செயலியில் இதை மறைக்கும் வசதி வந்துவிட்டதால் அந்தக் கணக்கும் முழுதாக நம்பத்தக்கதல்ல. தனியே வாழும் முதியவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அறிய இது உதவும் என்பது ஒரு பக்கம். கோயிலுக்கு வந்தவர் கண்ணை மூடிக் கும்பிட்டாரா என்று எட்டிப் பார்ப்பதற்கு இது ஒப்பானது என்பது மறுபக்கம். முதியவர்களுக்குத் தொலைபேசி எடுக்கலாமே என்பது எமது எண்ணம். முடிவாகும் வரை அந்த வசதி நிறுத்தி வைக்கப்படும்.

சம்மதப் படிவங்கள் அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில், சீட்டிலிருந்து வேறாக, வைக்கப்பட்டுள்ளன. செய்திமடலுக்கு ஒரு கட்டம், திருப்பணி நிதி வேண்டுகோளுக்கு இன்னொரு கட்டம். பட்டியல் சிறுத்துப் போகும் என்று பொருளாளர் கவலைப்படுகின்றார், சிறுக்கத்தான் செய்யும். மின்னஞ்சல் இல்லாத அடியார்களுக்கு அச்சிட்ட இதழ் வழமை போலத் தபாலில் வரும்.