ஈரத்தை மேலே வையுங்கள்

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வு வருகிறது. கடையைத் திறந்ததும், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த உணர்வு எங்கே போய்விடுகிறது?

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். கையை உள்ளே விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். இது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! மழை பெய்தது அவருடைய குற்றமல்ல. நனைந்ததை அடியிலேயே விட்டதுதான் குற்றம். திருத்தமோ மிகச் சிறியது. அடியில் கிடப்பதை மேலே கொண்டுவர வேண்டும். முதலீடு தேவையில்லை, அந்த நிமிடமே செய்துவிடலாம்.

நம் இடங்களுக்கு வருவோம். மருந்துக் கடையில் புதுச் சரக்கை முன்னால் அடுக்குகிறோம். பழையது பின்னாலேயே கிடந்து காலாவதியாகி, ஒருநாள் அவசரத்தில் ஒரு நோயாளியின் கைக்குப் போகிறது. தேதி முதலில் முடிவதை முன்னால் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூலிக் கணக்கை வாரக் கடைசியில்தான் கூட்டுகிறோம். வியர்வை உலருமுன் கூலி பெற வேண்டியவர் இரவு வரை வாசலில் நிற்கிறார். அன்றன்றே எழுதி வைத்தால் அவர் நேரத்தோடு பிள்ளைகளிடம் போவார்.

கம்ப்யூட்டர் வரட்டும், முதலாளி சொல்லட்டும் என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய ஹக்கு நம் கையில் சிக்கிக் கிடக்கிறது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் குறையைக் கண்ட சாதாரணத் தொழிலாளி உடனே சைகை கொடுப்பார். உடனே உதவி வரும். சரியாகாவிட்டால் வேலை வரிசையே நிற்கும். உலக லாபத்திற்காக அவர்கள் இதைச் செய்கிறார்கள். மறுமைக் கேள்வியை நம்பும் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

யோசனை யாரிடமிருந்து வந்தாலும் கேளுங்கள். நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத் தண்டில் சாய்ந்து உரை நிகழ்த்தி வந்தார்கள். ஒரு பெண்மணி, தம்மிடம் தச்சர் இருக்கிறார், அமர்வதற்கு ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டார். விரும்பினால் செய்யலாம் என்றார்கள். அப்படி வந்ததுதான் மிம்பர். நம் கடைப் பையன் ஒரு யோசனை சொன்னால், "உன் வேலையைப் பார்" என்கிறோமே, இது சரியா?

ஆனால் விரைவு வேறு, அவசரம் வேறு. அவசரமாகத் தொழுத மனிதரை நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பத் தொழச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு நிலையிலும் நிதானத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். அரைகுறையாகச் செய்வது திருத்தமாகாது. ஒரு வாரம் செய்துவிட்டு விடுவதும் திருத்தமாகாது. குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம்.

சகோதரர்களே! ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. இன்று வேலைக்குத் திரும்பியதும், உங்கள் குவியலின் அடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கைவிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்றை அஸருக்குள் சரிசெய்யுங்கள். அடுத்த ஜும்ஆ வரை அதை விடாமல் செய்யுங்கள்.

பிறர் உரிமையைப் பேணி, ஹலாலாக உழைத்து வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.